ஈரல் செல் தன்னை மறப்பதற்கு முன்

கல்லீரல் வெளுக்கும் அந்த நொடியை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் போர்ட்டல் வெயினுக்குள் கேனுலா என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை ஏற்றியாயிற்று, பம்ப் ஓட ஆரம்பித்துவிட்டது, ரத்தம் வெளியேறும் பக்கத்துப் பெரிய சிரையில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். கறிக்கடையில் தொங்குமே அந்தக் கருஞ்சிவப்பு, அது மடல் மடலாக விலகி, சில நொடிகளுக்குள் மொத்த ஈரலும் பால் தூக்கலாகப் போட்ட டீயின் நிறத்துக்கு வந்துவிடும். ஒரே சீராக வெளுத்தால் அன்றைக்கு நல்ல நாள். ஏதாவது ஒரு மடல் சிவப்பாகவே நின்றுவிட்டால் அதற்குள் பஃபர், அதாவது பம்ப் அனுப்பும் உப்புக்கரைசல், போகவில்லை என்று அர்த்தம், அதில் இருக்கும் செல்கள் நம் கைக்கு வரப்போவதில்லை.

எலியின் கல்லீரலிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்ப்பதுதான் ஒன்பது வருடமாக என் வேலை. செய்முறையைப் படிக்க ஆங்கிலத்தில் எத்தனையோ இடம் இருக்கிறது. கை எந்த இடத்தில் தடுமாறும், கண் எதைப் பார்க்கவேண்டும், இவ்வளவு பாடுபட்டு எடுத்த செல் ஏன் மூன்றே நாளில் ஈரல் செல்லாக இருப்பதை விட்டுவிடுகிறது, அதை விடாமல் பிடித்துவைக்க ஏன் இத்தனை பேர் ஐம்பது வருடமாக முட்டி மோதுகிறார்கள் என்பதையெல்லாம் என் மொழியில் ஒருமுறை எழுதிப் பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

பயந்துபோனால் ‘ஈரக்குலையே நடுங்கிப்போச்சு’ என்று சொல்கிறோம். இதயத்தைவிட ஈரலைத்தான் நம் ஆட்கள் உயிரின் இருப்பிடமாக நினைத்திருக்கிறார்கள் போல. அந்த ஈரலுக்குள் வேலையின் பெரும்பங்கைச் செய்வது ஹெபடோசைட் என்கிற செல். எண்ணிக்கையில் ஈரல் செல்களில் சுமார் 60 சதவீதம், பருமனில் பார்த்தால் சுமார் 80 சதவீதம். 20 முதல் 30 மைக்ரான் வரை அகலம், மற்ற செல்களோடு ஒப்பிட்டால் பெரிய உருவம். பல செல்களில் இரண்டு உட்கரு இருக்கும், மைக்ராஸ்கோப்பில் இரட்டைக் கண் மாதிரித் தெரியும். இதைவிட முக்கியமான ஒன்று: ஒவ்வொரு ஹெபடோசைட்டுக்கும் திசை உண்டு. ஒரு முகம் ரத்தத்தைப் பார்த்திருக்கும். பக்கத்துச் செல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய வாய்க்கால் ஓடும், பித்தம் அதில்தான் இறங்கும். அந்த வாய்க்காலுக்குத் தனியாகச் சுவர் கிடையாது. இரண்டு செல்கள் சேர்ந்தால்தான் அது உண்டாகும். பக்கத்துச் செல் இல்லாவிட்டால் வாய்க்கால் இல்லை, எது உள்பக்கம் எது வெளிப்பக்கம் என்பதும் இல்லை. பின்னால் சொல்லப்போகும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

1960-களுக்கு முன்னால் ஈரல் செல் வேண்டும் என்றால் ஈரலை நறுக்கி, சல்லடையில் தேய்த்து, குலுக்கித்தான் எடுத்தார்கள். கிடைத்த செல்களின் சவ்வு கிழிந்திருக்கும், பார்க்கச் செல் மாதிரி இருந்தாலும் உள்ளே இருந்ததெல்லாம் கசிந்து போயிருக்கும். 1967-இல் ஹோவர்டும் அவருடைய கூட்டாளிகளும் கொலாஜினேஸ் என்சைமைப் பயன்படுத்திப் பிரித்துக் காட்டினார்கள், கிடைத்தது கொஞ்சம்தான். 1969-இல் பெரியும் ஃபிரெண்டும் செய்ததுதான் திருப்பம். என்சைமை வெளியிலிருந்து ஊற்றி ஊறவைக்காமல், ஈரலின் சொந்த ரத்தக்குழாய்கள் வழியாகவே உள்ளே அனுப்பினார்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஏற்கனவே வாய்க்கால் வெட்டி வைத்திருக்கும்போது குடத்தில் மொண்டு ஊற்றுவானேன்? ஈரலில் எந்த ஹெபடோசைட்டும் ரத்தக்குழாயிலிருந்து ஒரு செல் தூரத்துக்கு மேல் தள்ளி இருப்பதில்லை, அதனால் குழாய் வழியாகப் போகும் என்சைம் எல்லாச் செல்லின் வாசலுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்புறம் ஆஸ்லோவில் பெர் செக்லன். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் ஓடும் இரண்டு கட்ட முறை அவருடையது. 1976-இல் அவர் எழுதிய நீண்ட செய்முறைக் கட்டுரையை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன், ஒவ்வொரு முறையும் நான் கவனிக்காமல் விட்ட ஏதோ ஒன்று அதில் கிடைக்கும். முதல் கட்டத்தில் கால்சியமே இல்லாத பஃபர், எங்கள் ஆய்வகத்தில் மிச்சம் மீதி கால்சியத்தையும் கவ்விக்கொள்ள ஈ.ஜி.டி.ஏ. சேர்ப்போம். இரண்டாவது கட்டத்தில் கொலாஜினேஸ், கூடவே திரும்பவும் கால்சியம். புதிதாகச் சேரும் மாணவர்கள் எல்லாரும் இங்கே நின்று கேட்பார்கள், எடுத்துவிட்டு ஏன் திரும்பக் கொடுக்கிறோம் என்று. நானும் கேட்டேன். செல்லும் செல்லும் கைகோத்திருப்பது கேட்ஹெரின் என்னும் புரதத்தால், அந்தப் பிடிக்குக் கால்சியம் வேண்டும். கால்சியத்தை உருவினால் கைகள் விட்டுப்போகும். ஆனால் செல்களைச் சுற்றியிருக்கும் கொலாஜன் வலையைக் கரைக்கும் என்சைமுக்கும் கால்சியம் இல்லாமல் வேலை ஓடாது. விட்டுப்போன கைகள் உடனே கோத்துக்கொள்வதில்லை என்பதால் அந்த இடைவெளியில் கால்சியத்தைத் திரும்பக் கொடுத்து என்சைமை ஓடவிடலாம். முதல் கட்டத்தைச் சுருக்கிவிட்டு நேராக என்சைமுக்குப் போனால் செல்கள் கொத்துக் கொத்தாகத்தான் வரும், தனித்தனியாக வராது.

சரி, வேலை நடக்கும் நாளுக்கு வருகிறேன்.

காலையில் முதல் காரியம் வாட்டர் பாத். 42 டிகிரியில் வைப்பேன், ஏனென்றால் குழாய் வழியாக வருவதற்குள் சூடு குறைந்து ஈரலுக்குள் போகும்போது 37 டிகிரி இருக்கவேண்டும். குழாய் நீளத்தை மாற்றினால் இதுவும் மாறும், அதனால் கேனுலாவின் முனையில் சொட்டும் பஃபரில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. பிறகு குழாயை 70 சதவீத ஆல்கஹாலில் கழுவி, சுத்தமான தண்ணீரில் கழுவி, பஃபரை நிரப்பி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாதபடி தட்டித் தட்டி வெளியேற்றவேண்டும். இந்தத் தட்டும் வேலைக்கு நான் இருபது நிமிடம்கூட எடுத்துக்கொள்வேன்.

எலி 200-லிருந்து 250 கிராம் வரை எடையுள்ள விஸ்டார் இனம். விலங்கு ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொட முடியாது, எத்தனை எலி, எதற்காக, வேறு வழியே இல்லையா என்று எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் கொடுத்திருக்கவேண்டும். விலங்குக் கூடத்து அண்ணன் கூண்டைக் கொண்டுவந்து வைக்கும்போது எப்போதும் மேலே ஒரு துணியைப் போட்டுக் கொண்டுவருவார், வெளிச்சமும் சத்தமும் அதைப் பயமுறுத்தக்கூடாது என்று. முழு மயக்கத்துக்குப் போய்விட்டதா என்று கால்விரலைக் கிள்ளிப் பார்த்தபிறகுதான் கத்தி. அந்த எலி அதற்குப் பிறகு விழிப்பதில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு உயிர் போகிறது, அதற்கு ஈடாக நாம் எடுக்கும் செல்கள் உருப்படியாக இருக்கவேண்டும். இந்த வேலையில் கவனம் என்பதே எனக்கு இதிலிருந்துதான் வருகிறது.

வயிற்றைத் திறந்து குடலை ஒரு பக்கமாக ஈரத்துணியில் ஒதுக்கினால் போர்ட்டல் வெயின் தெரியும், நீலம் கலந்த சிவப்பில், நூடுல்ஸ் தடிமனுக்கு. பித்தப்பையைத் தேடவேண்டாம், எலிக்கு அது கிடையாது, சுண்டெலிக்கு உண்டு. சிரைக்கு அடியில் நூலை விட்டு ஒரு தளர்ந்த முடிச்சு. பிறகு 18 கேஜ் கேனுலா. ஊசி சிரைக்குள் போனதும் ஒரு சின்ன வழுக்கல் விரலுக்குத் தெரியும், அந்த இடத்தில் நிறுத்தி, ஊசியை அசைக்காமல் பிளாஸ்டிக் குழாயை மட்டும் முன்னே தள்ளி, ஊசியை உருவினால் ரத்தம் எதிர்த்து வரும். வந்தால் சரியான இடம். முடிச்சை இறுக்கி பம்ப் குழாயை மாட்டவேண்டும். மாட்டும் அந்த ஒரு விநாடியில்தான் காற்று உள்ளே போகும்.

எனக்கும் போனது. முதல் வருடம், என் நான்காவது எலி. குழாயில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் காற்று, கண்ணெதிரே நகர்ந்து போய் கேனுலாவுக்குள் நுழைந்தது. ஈரலின் நுண்குழாய்களில் காற்று சிக்கினால் அதற்கு அப்பால் எதுவும் போகாது. இடதுபக்க மடல் வெளுத்தது, மற்ற மடல்கள் சிவப்பாகவே நின்றன. நான் பதறிப்போய் பம்ப் வேகத்தைக் கூட்டினேன், தள்ளினால் காற்று போய்விடும் என்று நினைத்து. ஈரல் பந்து மாதிரி உப்பியது, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறை ஒரு ஓரத்தில் பிளந்தது. பின்னால் நின்றிருந்த சீனியர் அக்கா கையை நீட்டி பம்பை நிறுத்தினார். “தள்ளாத. தள்ளுனா உள்ள இருக்குறதுதான் ஒடையும்,” என்றார், அவ்வளவு மெதுவாக. அன்றைக்கு வயபிலிட்டி, அதாவது உயிரோடிருந்த செல்களின் பங்கு, 38 சதவீதம். தூக்கி எறிய மனம் வராமல் தட்டில் போட்டேன். மறுநாள் காலையில் ஒன்றுகூட ஒட்டாமல் எல்லாம் மீடியத்தின், அதாவது செல்லுக்கு உணவாகும் திரவத்தின், மேல் மிதந்தன. அந்த எலிக்கு நான் பட்ட கடன் அப்படியே நிற்கிறது. அன்றிலிருந்து குழாயின் நடுவில் குமிழியைப் பிடிக்கும் சின்னக் கண்ணாடிக் குடுவையை வைக்காமல் நான் பம்பைத் தொட்டதில்லை, யார் அவசரப்படுத்தினாலும்.

எல்லாம் சரியாகப் போனால் பஃபர் நிமிடத்துக்கு 20 முதல் 30 மில்லி வரை ஓடும். சில நிமிடங்களில் ரத்தம் முழுக்கக் கழுவிப் போய்விடும், பிறகு என்சைமுக்கு மாற்றுகிறோம். கொலாஜினேஸ் கிளாஸ்ட்ரிடியம் ஹிஸ்டாலிட்டிகம் என்கிற பாக்டீரியாவிலிருந்து வருவது, காயத்தில் புகுந்தால் சதையையே கரைத்துவிடும் இனம். இதில் ஒரு தலைவலி உண்டு. பாட்டிலில் கொலாஜினேஸ் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது பல என்சைம்களின் கலவை, அந்தக் கலவையும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மிகச் சுத்தமாக்கிய கொலாஜினேஸ் மட்டும் இருந்தால் ஈரல் ஒழுங்காகக் கரையாது, மற்ற என்சைம்கள் கூடிப்போனால் செல்லின் சவ்வையும் சேர்த்துத் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு லாட்டிலிருந்தும், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியிலிருந்தும், கொஞ்சம் வாங்கிச் சோதித்து, நன்றாக இருக்கும் லாட்டை மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் பூட்டி வைப்பதுதான் வழக்கம். எங்கள் ஆய்வக நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது லாட் எண்களின் பட்டியல், சில எண்களின் கீழே இரண்டு கோடு.

எப்போது நிறுத்துவது? கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தினால் பாதி நாள் தப்பாகும். கண்ணால் பார்க்கவேண்டும், தொட்டுப் பார்க்கவேண்டும். முதலில் ஈரலின் பளபளப்பு குறையும். பிறகு உறைக்குக் கீழே வறண்ட குளத்து மண் மாதிரி கோடு கோடாக விரிசல் தெரியும். ஃபோர்செப்ஸின் பின்பக்கத்தால் லேசாக அமுக்கினால் நன்றாகப் பழுத்த பப்பாளி மாதிரி குழி அப்படியே நிற்கும், திரும்பி எழாது. அதுதான் நேரம். அதற்கு மேல் இரண்டு நிமிடம் விட்டால் செல்கள் சாகத் தொடங்கும்.

ஈரலை முழுதாக வெட்டியெடுத்து ஐஸில் இருக்கும் குளிர்ந்த மீடியத்தில் வைத்து, இரண்டு ஃபோர்செப்ஸால் உறையைக் கிழித்து, மெல்ல ஆட்டினால் செல்கள் தாமாகவே கொட்டும். சந்தனம் கரைத்த தண்ணீர் மாதிரி மீடியம் மங்கும். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த காட்சி இது. கையில் கடைசியில் மிஞ்சுவது வெள்ளையான நார்க்கொத்து, ஈரலின் ரத்தக்குழாய் மரம், செல் எல்லாம் உதிர்ந்த மொட்டைக் கிளைகள். உயிரோடிருக்கும் செல்கள் நிறைந்த திரவத்தைச் சாய்த்துப் பார்த்தால் பட்டுத்துணி மாதிரி ஒரு மினுமினுப்பு சுழன்று போகும். கலக்கலாகத் தெரிந்தால் செத்த செல்கள் அதிகம்.

பிறகு 100 மைக்ரான் வலையில் வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் 50 ஜி வேகத்தில் மூன்று நிமிடம். இது மிக மெதுவான சுழற்சி. ஹெபடோசைட் பெரிதும் கனமுமாக இருப்பதால் அது மட்டும் அடியில் உட்காரும். கிருமிகளை விழுங்கும் குப்ஃபர் செல், வைட்டமின் ஏ-வைச் சேமித்து வைத்திருக்கும் ஸ்டெல்லேட் செல், ரத்தக்குழாய்ச் சுவர் செல் எல்லாம் மேலே நிற்கும். அவற்றைக் கொட்டிவிடுவதில்லை, பக்கத்து பெஞ்சில் ஒருவர் அதற்காகவே காத்திருப்பார். ஒரு எலியின் ஈரலில் 30 கோடி செல்கள்கூடக் கிடைக்கும், அது ஒருவரின் சோதனைக்குத் தேவைக்கு மேல். அதனால் எலியை எடுக்கும் நாளை நான்கைந்து பேர் முன்கூட்டியே பேசி ஒன்றாக வைத்துக்கொள்கிறோம். 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் சொன்ன மூன்று கொள்கைகளில், அதாவது மாற்று வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்பதில், இரண்டாவதை ஒரு சிறு ஆய்வகம் செய்யக்கூடிய எளிய வழி இது. ஆனால் காலண்டரைப் பார்த்து ஒத்துக்கொள்ள ஆள் வேண்டும், அதற்கு நான் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன்.

கழுவிய செல்லில் ஒரு துளி எடுத்து டிரிப்பான் ப்ளூ என்ற நீலச் சாயம் கலந்து எண்ணவேண்டும். சவ்வு கிழிந்த செல் நீலத்தை உள்ளே விடும், உயிருள்ளது விடாமல் தங்க விளிம்பு போட்ட வட்டமாக மின்னும். 85 சதவீதத்துக்கு மேல் என்றால் நிம்மதி. இந்த நேரம் முழுக்க செல்லை வேகமாக உறிஞ்சக்கூடாது, வேகமாகக் குலுக்கும் வோர்டெக்ஸ் கருவியில் வைக்கவே கூடாது, பிப்பெட் டிப்பின் நுனியை வெட்டி அகலப்படுத்திக்கொள்வது நல்லது.

தட்டில் எலிவால் கொலாஜன் பூசியிருக்கவேண்டும், வெறும் பிளாஸ்டிக்கில் இந்தச் செல் சரியாக ஒட்டாது. செல்லைப் போட்டபின் தட்டைச் சுழற்றக்கூடாது, சுழற்றினால் எல்லாம் நடுவில் குவிந்துவிடும். முன்னும் பின்னும், இடமும் வலமும் ஆட்டவேண்டும். நான்கு மணி நேரம் இன்குபேட்டரில். பிறகு ஒட்டாததைக் கழுவிவிட்டு சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர், இல்லாத புது மீடியம், இன்சுலினும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்தது.

மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கும்போது நெஞ்சு படபடக்கும், இத்தனை வருடத்துக்குப் பிறகும். உருண்டையாக இருந்த செல்கள் பரவிப் பலகோணமாகி, தரையில் பதித்த கற்கள் மாதிரி ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும். இரண்டு செல்களுக்கு நடுவே அங்கங்கே பளிச்சென்று ஒரு கோடு தெரியும். அது பித்த வாய்க்கால். பிரித்தெடுத்து, கழுவி, சுழற்றி, பிளாஸ்டிக்கில் போட்ட செல், பக்கத்தில் இன்னொரு ஈரல் செல்லைக் கண்டதும் வாய்க்காலை மறுபடி வெட்டத் தொடங்கிவிட்டது.

ஆனால் சந்தோஷம் நீடிக்காது. மருந்தையும் விஷத்தையும் உடைக்கும் சைட்டோக்ரோம் பி450 என்சைம்கள் ஓரிரு நாளிலேயே வேகமாகச் சரிந்துவிடும். நாள் ஆக ஆகச் செல் தட்டையாகும், நீளும், எந்தத் திசுவின் செல் என்று சொல்லமுடியாத ஒரு முகத்துக்கு வரும். சாகவில்லை. தான் யார் என்பதை மறந்துவிட்டது. இந்த மறதி தட்டில் தொடங்குவதுகூட இல்லை. கால்சியத்தை உருவி என்சைமை விட்டதை ஈரல் காயமாக எடுத்துக்கொள்கிறது, காயம் பட்டால் வளரத் தயாராகும் சமிக்ஞைகள் அப்போதே செல்லுக்குள் கிளம்பிவிடுகின்றன. ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் 1931-இல் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுத்து, அது மறுபடி பழைய எடைக்கு வளர்வதைக் காட்டினார்கள், சுமார் ஒரு வாரம் பத்து நாளில் அது நடந்துவிடுகிறது. அவ்வளவு வளர்ச்சி வெறி உள்ள செல், தட்டில் தானாகப் பெருகுவதில்லை. உடம்பில் எது அதைப் பெருகச் சொல்கிறது என்று தேடித்தான் ஜப்பானில் தோஷிகாசு நாகமுரா 1984-இல், ஈரல் வெட்டப்பட்ட எலிகளின் சீரத்தைத் தட்டில் இருக்கும் ஹெபடோசைட்டுக்குக் கொடுத்துப் பார்த்து ஹெச்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்தார். செக்லனும் தன் செல்களை வைத்துத்தான், செல் தன்னையே தின்னும் ஆட்டோஃபேஜியை 3-மெத்தில் அடினைன் என்ற வேதிப்பொருள் தடுக்கிறது என்று 1982-இல் காட்டினார்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, ஹெப்-ஜி2 இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவனின் ஈரல் கட்டியிலிருந்து வந்த செல் வரிசை அது, 1979-இல் வெளியே அறிவிக்கப்பட்டது. பெருகிக்கொண்டே இருக்கும், விலை குறைவு, எலி வேண்டாம். பல கேள்விகளுக்கு அது போதும், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மேல் போனால் அது ஈரலைக் கெடுப்பது நேரடியாக இல்லை. ஈரலின் சொந்த என்சைம்கள், முக்கியமாக சி.ஒய்.பி.2இ1, அதில் ஒரு பங்கை நாப்க்யூ.ஐ. என்ற விஷமாக மாற்றுகின்றன, அதைச் செயலிழக்கச் செய்யும் குளூட்டதையோன் தீர்ந்தபின் அது செல்லின் புரதங்களில் போய் ஒட்டுகிறது. ஹெப்-ஜி2-வில் இந்த என்சைம் மிகக் குறைவு. விஷத்தைத் தயாரிக்காத செல்லிடம் விஷம் எப்படிக் கொல்லும் என்று கேட்டு என்ன பயன்?

மறதியை நான் ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகப் பேசுகிறேன் என்பதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 1993-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஃபியாலூரிடின் என்ற மருந்தை ஹெபடைட்டிஸ் பி நோயாளிகள் 15 பேருக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். விலங்குகளில் நடந்த சோதனைகள் ஈரல் ஆபத்தைக் காட்டவில்லை. முதல் சில வாரங்கள் வைரஸ் நன்றாகக் குறைந்தது. வாரங்கள் கழித்து 7 பேருக்கு ஈரல் செயலிழந்தது, மருந்தை நிறுத்தியும் நிற்கவில்லை. 5 பேர் இறந்தார்கள், 2 பேர் ஈரல் மாற்றுச் சிகிச்சையால் பிழைத்தார்கள். மனித மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் அந்த மருந்தை உள்ளே ஏற்றும் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது, எலியின் மைட்டோகாண்ட்ரியாவில் அது அந்த இடத்தில் இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. அதனால்தான் மனித ஈரல் செல் வேண்டும். மனித செல் இருந்தாலும் மூன்று நாளில் தன்னை மறக்கும் தட்டில் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் இந்த விஷம் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகிறது. அத்தனை வாரமும் செல் ஈரலாகவே இருக்கவேண்டும்.

அதற்காக ஆட்கள் செய்த முயற்சிகள் எல்லாமே ஒரு வகையில் செல்லுக்கு அதன் வீட்டை ஞாபகப்படுத்துவதுதான். 1989-இல் டன்னும் யார்முஷும் கூட்டாளிகளும் செல்லுக்குக் கீழே மட்டுமல்ல, மேலேயும் ஒரு கொலாஜன் அடுக்கை ஊற்றி மூடினார்கள். ஈரலுக்குள் இருந்தபோது இரு பக்கமும் உணர்ந்த அந்தத் தொடுதல் திரும்பியது, செல்கள் வாரக்கணக்கில் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தைச் சுரந்தன. இதைவிட எளிமையான ஒன்றை யோசித்திருக்க முடியாது, இன்றைக்கும் நான் இதைச் செய்கிறேன். 2008-இல் கேதானியும் சங்கீதா பாட்டியாவும் மனித ஹெபடோசைட்டைச் சுமார் 500 மைக்ரான் அகலத் தீவுகளாகப் பதித்து, சுற்றிலும் சுண்டெலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத் திசுச் செல்களைக் குடியேற்றினார்கள். தன் இனம் கூட்டமாகப் பக்கத்தில், வேற்றினம் சுற்றிலும், ஏறக்குறைய உடம்பில் இருப்பது மாதிரி. பிறகு ஸ்பீராய்டு, செல்களை எதிலும் ஒட்டவிடாத குழிக்குள் போட்டால் அவை வேறு வழியின்றி ஒன்றையொன்று பற்றி உருண்டையாகிவிடும். 2016-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவ நிறுவனத்தில் இப்படிப்பட்ட மனித செல் உருண்டைகளை ஐந்து வாரம் காப்பாற்றி, நோயாளிகளின் உடம்பில் இருந்த அளவை ஒட்டிய ஃபியாலூரிடினே செல்லைக் கொல்வதைக் காட்டினார்கள். 23 வருடம் கழித்து. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை.

ஹெபடைட்டிஸ் பி கதையிலும் இதே பாடுதான். ஹெப்-ஜி2-வுக்குள் இந்த வைரஸ் நுழையாது. வாசல் எது என்று பல வருடம் தேடினார்கள். 2012-இல் பெய்ஜிங்கில் வென்ஹுய் லியின் குழு, இந்த வைரஸ் தொற்றக்கூடிய மர மூஞ்சூறின் ஈரல் செல்களைப் பிரித்தெடுத்து, வைரஸ் போய் ஒட்டும் புரதத்தைப் பிடித்தார்கள். என்.டி.சி.பி. என்ற பித்த உப்பைக் கடத்தும் புரதம் அது. தட்டில் போட்டதும் வேகமாகக் குறைந்துபோகும் புரதங்களில் அதுவும் ஒன்று. செல்லைப் பிரித்த கையோடு பார்க்காவிட்டால் வாசலே மூடிப்போயிருக்கும்.

நம் வீடுகளில் மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன், இந்த வைரஸைக் கண்டுபிடித்த புளும்பெர்கோடு சேர்ந்து 1988-இல் லான்செட்டில் ஒரு முடிவை வெளியிட்டார்: கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது, வெற்று மருந்து கொடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பின்னர் மற்ற இடங்களில் செய்தபோது அதே பலன் வரவில்லை. ஏன் என்று வாதாடுவதைவிட, வைரஸ் பிடித்த நல்ல மனித ஈரல் செல்லை மாதக்கணக்கில் தட்டில் வைத்து நேராகக் கேட்டுப்பார்க்கத்தான் எனக்கு ஆசை. எலியில் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது, இந்த வைரஸ் எலிக்குத் தொற்றுவதில்லை.

மனித செல் எங்கள் கைக்கு அபூர்வமாக வரும். கட்டிக்காக ஈரலின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும்போது, கட்டிக்குத் தள்ளியிருக்கும் நல்ல பகுதியிலிருந்து ஒரு துண்டு, நோயாளியிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிய சம்மதத்தோடு. முழு ஈரல் இல்லாததால் போர்ட்டல் வெயின் என்று ஒன்று நமக்குக் கிடையாது. வெட்டுமுகத்தில் திறந்து தெரியும் குழாய்களில் நான்கைந்து கேனுலாவை வைத்து, மிச்ச ஓட்டைகளை மூடி, ஒவ்வொரு பகுதியும் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அறுவை எப்போது முடியும் என்று சொல்லமுடியாது, நாம் காத்திருக்கவேண்டும். போன மாதம் ஐஸ் பெட்டி வந்தபோது இரவு பதினொன்றரை. செல்கள் தட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விடியற்காலை நான்கு மணி, வயபிலிட்டி 88 சதவீதம். சீனியர் அக்கா இப்போது வேறு ஊரில் இருக்கிறார், அந்த நேரத்திலும் அவருக்கு அந்தச் சதவீதத்தை மட்டும் அனுப்பினேன். “கொமிழி?” என்று ஒரு வார்த்தை பதில் வந்தது. இல்லை அக்கா, ஒன்றுகூட இல்லை என்று எழுதினேன்.

அந்தச் செல்களை ஒரு குழிக்கு 1500 வீதம் போட்டேன். ஒரு வாரத்தில் உருண்டு திரண்டு, கசகசாவைவிடச் சின்னதாக, ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் வெறும் கண்ணுக்கே தெரியும் புள்ளிகளாகிவிட்டன. இன்றைக்கு 24-ஆவது நாள். அல்புமின் இன்னும் வருகிறது. மீடியம் மாற்றும்போது டிப்பைக் குழியின் சுவரில் சாய்த்து வைத்து, மேலாக 50 மைக்ரோலிட்டர் மட்டும் எடுத்து, அதே அளவு புது மீடியத்தைச் சுவர் வழியாக வழியவிடவேண்டும், டிப் நடுவில் போனால் உருண்டையையே உறிஞ்சிவிடும். 96 குழிக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நாளை ஞாயிறு, காலையில் போய் அடுத்த மாற்றைச் செய்யவேண்டும்.